குத்தகைக்கு நிலம் எடுக்கும் முன்: நெல்லைச் சீமையில் முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வயலை எடுத்துப் பிசானப் பருவ நெல் பயிரிட நினைப்பவரும், வண்ணார்பேட்டையில் ஒரு காலிமனையை எடுத்து ஷெட் போட்டு உதிரிபாகக் கடை தொடங்க நினைப்பவரும், கங்கைகொண்டானில் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டிடம் தொழிற்கூடத்துக்கு மனை கேட்பவரும் செய்யப்போவது குத்தகைதான். ஆனால் மூவரையும் ஆளும் சட்டம் ஒன்றல்ல. வயலுக்கு உழவடைச் சட்டங்கள், மனைக்குச் சொத்து மாற்றுச் சட்டம், சிப்காட்டுக்கு ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனைகள் என்று ஒவ்வொன்றும் தனிப்பாதையில் செல்கிறது; நடுவில் கோயில் நிலம் வந்துவிட்டால் பாதை மறுபடியும் மாறுகிறது. ஆகவே புதியவர் முதலில் கேட்க வேண்டியது வாடகை எவ்வளவு என்பதையல்ல. நிலம் யாருடையது, அதைக் குத்தகைக்கு விடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதைத்தான்.

குத்தகைதாரருக்குக் கிடைப்பது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, ஒரு விலைக்கு ஈடாக, குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை மாற்றித் தருவதே குத்தகை. அந்த அனுபவ உரிமை தானே ஒரு சொத்து. பத்திரம் தடுக்காத வரையில் குத்தகைதாரர் அதை உள்குத்தகைக்கு விடலாம், அடமானம் வைக்கலாம், பிறருக்கு மாற்றித் தரலாம். உடைமையாளர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரும் அந்தக் குத்தகைக்குக் கட்டுப்பட்டவரே. வெறும் அனுமதியின் பேரில் ஓர் இடத்தில் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. நிலத்தை வாங்கும் அளவுக்குக் கையில் பணமில்லாதவர் தொழில் தொடங்கவும், பரம்பரை நிலத்தை விற்க மனமில்லாதவர் அதிலிருந்து வருமானம் பெறவும் இந்த ஏற்பாடு வழிவிடுகிறது. தொழிற்பேட்டை, காற்றாலை, பெட்ரோல் பங்க், செல்போன் கோபுரம் என்று இன்று நிலத்தின்மேல் எழும் பலவும் சொந்த நிலத்தில் அல்ல, குத்தகை உரிமையின்மேல்தான் நிற்கின்றன.

நம் பக்கத்தில் வீட்டை ‘லீசுக்கு’ எடுத்திருப்பதாகச் சொல்பவர் பெரும்பாலும் ஒத்திக்கு எடுத்தவராகவே இருப்பார்: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகையின்றி இருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுவது. அது குத்தகை அன்று, அனுபவ அடமானம். அதற்குப் பதிவும் முத்திரைத் தீர்வையும் வேறு. இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதினால், தகராறு வரும்போது பணம் கொடுத்தவர் கடன் கொடுத்தவரா குத்தகைதாரரா என்பதை முடிவு செய்யவே நீதிமன்றத்துக்கு ஆண்டுகள் பிடிக்கும்.

முதல் வேலை: நிலத்தின் ஆவணங்கள்

கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கையிலிருந்தால், வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகிய நில உரிமைப் பதிவுகளைப் பார்த்துவிடலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில், நிலத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதை மறந்து, சங்கரன்கோவில், செங்கோட்டைப் பக்கத்து நிலத்தைத் திருநெல்வேலி மாவட்டத்தின் கீழ் தேடி, ‘பட்டாவே இல்லை’ என்று திகைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ‘நன்செய், 0 - 40.50’ என்று ஒரு வரி இருந்தால் 40.50 ஏர் என்று பொருள். ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட் என்பதால், அது ஏறக்குறைய நூறு சென்ட், அதாவது ஓர் ஏக்கர். ஊரில் விதைக்கும் நெல்லின் அளவை வைத்து விதைப்பாட்டுக் கணக்கிலும் கோட்டைக் கணக்கிலும் பேசுவார்கள். பேச்சு எப்படி இருந்தாலும் பத்திரத்தில் பட்டாவின் அளவையே எழுதி, நான்கெல்லையையும் சேர்க்க வேண்டும். வாய்க்கால் கரையும் பாதையும் நீங்கலாக உழக்கூடிய பரப்பு எவ்வளவு என்பதை வயலில் நின்று அளந்து பார்த்துவிடுவதும் தேவை. குத்தகை நெல் அளப்பது உழுத நிலத்துக்குத்தான், பட்டா எண்ணுக்கு அன்று.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்தது. தாமிரபரணிக் கரை ஊர்களில் நில உடைமையாளர்கள் பலர் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும் சித்தப்பாவோ மைத்துனரோ பார்த்துக்கொள்கிறார், அவரே குத்தகைக்கும் விடுகிறார். அவரிடம் பதிவு செய்த அதிகார ஆவணம் உண்டா, அதில் குத்தகைக்கு விடும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, வாரிசுகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் எந்தப் பகுதி யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்று பாகப்பிரிவினைப் பத்திரம் சொல்ல வேண்டும்.

அரசு ஒப்படை செய்த நிலம், பஞ்சமி நிலம் (ஆங்கிலேயர் காலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலம்) என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நிபந்தனைப் பட்டா நிலத்தை நிபந்தனைக்கு மாறாக எடுத்தவருக்கு எந்தப் பத்திரமும் காப்பு ஆகாது.

கோயில் நிலம் என்றால்

நெல்லைச் சீமையில் நன்செய் கேட்டுப் போனால், இரண்டு மூன்று பேச்சுக்குள் ஒரு கோயில் நிலமோ மடத்து நிலமோ வந்துவிடும். அதில் இறங்கக் கூடாது என்பதில்லை. முறையாக எடுத்தால் பாதுகாப்பான குத்தகைகளில் அதுவும் ஒன்று. ஆனால் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதலின்றி அறங்காவலரோ செயல் அலுவலரோ கொடுத்த நீண்ட காலக் குத்தகை செல்லாது. மனை, கட்டடம் ஆகியவற்றுக்கு 34-ஏ பிரிவின் கீழ், சந்தை நிலவரத்தை ஒட்டி நியாய வாடகை நிர்ணயிக்கப்படுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அது திருத்தப்படும் என்பதால், இன்றைய வாடகையை மட்டும் வைத்துத் தொழில் கணக்குப் போடுவது தவறு.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் வேறொரு வகை வியாபாரம் நடக்கிறது. அடிமனை கோயிலுடையது, மேலே நிற்கும் கட்டடம் குடியிருப்பவருடையது. அவர் ‘இருப்பை’ ஒரு பெருந்தொகைக்குக் கைமாற்றுகிறார், வாங்கியவர் பழைய பெயரிலேயே வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். கோயில் நிர்வாகம் வாங்கியவரைக் குத்தகைதாரராக ஏற்று ஆணை தராத வரை, சட்டத்தின் பார்வையில் அவர் ஆக்கிரமிப்பாளரே. 78, 79ஆம் பிரிவுகளின் கீழ் அவரை வெளியேற்ற முடியும். குத்தகைக் காலம் முடிந்தபின் புதுப்பிக்காமல் தங்கியிருப்பவருக்கும் அதே நிலைதான். மனையில் கட்டடம் எழுப்பிய குத்தகைதாரருக்கு அந்த நிலத்தையே விலைக்குக் கேட்கும் உரிமையைத் தந்த பழைய நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து, 1996ஆம் ஆண்டின் திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை விலக்கிவிட்டது. ஆகவே ‘நாளைக்கு நமக்கே கிடைத்துவிடும்’ என்று சொல்லி எவராவது விலையை ஏற்றினால் அதற்குச் செவிகொடுக்க வேண்டாம். செயல் அலுவலரிடம் நேரில் போய், அந்தச் சொத்தின் வாடகைக் கேட்புப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, பாக்கி எவ்வளவு என்று கேட்பதே அரை நாளில் முடிகிற சோதனை.

வயலை எடுப்பவருக்கு

தனியார் வயல் என்றால் மூன்று சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தன் உடல் உழைப்பாலோ குடும்பத்தாரின் உழைப்பாலோ பயிரிடும் குத்தகைதாரரைக் காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்கிறது. குத்தகை கட்டாமல் இருப்பது, நிலத்துக்கோ பயிருக்கோ கேடு விளைவிப்பது, வேளாண்மை அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துவது, உடைமையாளரின் உரிமையையே மறுப்பது ஆகியவையே முக்கியமான விலக்குகள். 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், பின்னர் வந்த திருத்தத்தின்படி, இயல்பான மொத்த விளைச்சலில் 25 விழுக்காட்டை உடைமையாளரின் பங்காக வைக்கிறது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், குத்தகைதாரரின் பெயரை வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் ஏற்ற வழிசெய்கிறது.

இந்தச் சட்டங்களாலேயே நில உடைமையாளர்கள் எழுத்தில் குத்தகை தர அஞ்சுகிறார்கள். ‘எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்’ என்ற பேச்சு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்து டீக்கடைகளில் எளிதாகக் காதில் விழும். விளைவாக வயல் தரிசாகக் கிடக்கிறது, அல்லது ஆண்டுக்கொரு கைக்கு வாய்ப்பேச்சில் மாறுகிறது. யாரும் வரப்பைச் சீர்செய்வதில்லை, தொழுவுரம் போடுவதில்லை. அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுதாமல் இருப்பது உடைமையாளரையும் காப்பதில்லை: வாய்ப்பேச்சாக எடுத்தவரும் ரசீதும் சாட்சியும் காட்டித் தாம் சாகுபடிக் குத்தகைதாரர் என்று நிறுவலாம், அப்போது காலமும் தொகையும் நிபந்தனையும் எழுதிய தாள் இல்லாததால் முதலில் தவிப்பவர் உடைமையாளர்தான். இருவரும் மனம் ஒத்தால், 1955ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறபடி குத்தகைப் பத்திரத்தை மூன்று படிகளாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டு, மூன்றாவதை வட்ட அலுவலகத்தில் சேர்க்கலாம்.

பத்திரத்தில் காலத்தைப் பசலிக் கணக்கில் (வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்கில்) எழுதுவது வழக்கம். ஜூலை முதல் நாளில் பசலி ஆண்டு தொடங்குகிறது. ஆனால் கார் சாகுபடிக்கு ஜூனிலேயே நாற்றங்கால் போடும் ஊர்களில், பசலி முடியும் நாளும் பயிர் நிற்கும் காலமும் இடிக்கும். ‘நிற்கும் பயிரை அறுத்துக்கொள்ளும் வரை’ என்று ஒரு வரி சேர்த்தால் அந்த இடிப்பு தீரும். கார், பிசானம் என்ற இரண்டு பூவுக்கும் (நெல் போகத்துக்கும்) சேர்த்துக் குத்தகையா, பிசானத்துக்கு மட்டுமா என்பதையும் பிரித்து எழுத வேண்டும். பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் காருக்குத் தண்ணீர் விடுவதில்லை, விட்டாலும் கடைமடைக்கு வந்து சேர்வதில்லை. விளைச்சல் எப்படியானாலும் மாறாத கட்டுக்குத்தகையாக இத்தனை கோட்டை நெல் என்று ஒத்துக்கொண்டவர், விளையாத பூவுக்கும் அளக்க வேண்டியவராகிவிடுவார். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் பிசான நடவை மூழ்கடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊர் முழுவதும் பாதிக்கும் இயற்கைச் சேதத்தின்போது குத்தகைத் தள்ளுபடி எந்த விகிதத்தில் என்பதை அமைதியான காலத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

சிறியவை என்று விடுபடுபவைதான் பின்னால் சண்டையாகின்றன. வைக்கோல் யாருக்கு? வரப்பில் நிற்கும் தென்னையும் பனையும் யாருடையவை? தீர்வை யார் கட்டுவது? கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுக்கூலி யார் தருவது? இலவச மின் இணைப்பு உடைமையாளர் பெயரில் இருக்கையில் அதைப் பயன்படுத்த எழுத்து மூலமான இசைவு உண்டா? வாய்க்கால் மராமத்துக்கு ஊரில் போடும் வரியும் நீர்ப்பாய்ச்சிக்கு அளக்கும் நெல்லும் யார் கணக்கு? இவை ஒவ்வொன்றுக்கும் பத்திரத்தில் ஒரு வரி போதும்.

குத்தகை கொடுத்தவுடன் ரசீது வாங்க வேண்டும். நெல்லாக அளந்தால் மூட்டை எண்ணிக்கை, எடை, தேதி, எந்தப் பூவுக்கு என்பவற்றை எழுதி உடைமையாளரிடமோ அவருடைய ஆளிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். அவர் வாங்க மறுத்தால் பேசாமல் இருந்துவிடக் கூடாது. சட்டப்படி வருவாய் நீதிமன்றத்தில் குத்தகையைக் கட்டிவிடலாம். பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்றும் முயற்சிக்கு அதுவே பதில்.

பிரதமரின் கிசான் உதவித்தொகை நிலம் பெயரில் உள்ளவருக்கே கிடைக்கும். குத்தகைதாரர் அதை எதிர்பார்க்க வேண்டாம். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். அதற்கும் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலே (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்ற பதிவே) ஆதாரம். ஆகவே நடவு முடிந்த கையோடு அடங்கலில் பயிரும் பயிரிட்டவர் பெயரும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மனையும் கட்டடமும்

கட்டடத்தை வாடகைக்கு எடுப்பதற்கு 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் சட்டம் பொருந்தும். நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தம், வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிதல், வேறு உடன்பாடு இல்லையெனில் மூன்று மாத வாடகைக்கு மேற்படாத முன்பணம் ஆகியவை அதன் முக்கிய விதிகள். காலிமனைக்குச் சொத்து மாற்றுச் சட்டமே பொருந்தும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகத்தான் பதினோரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் வேரூன்றியது. கடையில் சில லட்சங்களைப் போட்டு ரேக்கும் ஷட்டரும் அமைக்கிறவர் பதினோரு மாதத் தாளை நம்பி இறங்குவது அறிவுடைமையன்று. பதிவு செய்யாத பத்தாண்டுப் பத்திரத்தைக் காட்டினால், அந்தப் பத்தாண்டு உரிமைக்கு நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்காது. சாதாரண மாத வாடகைக் குடியாகக் கருதப்பட்டு, பதினைந்து நாள் அறிவிப்பில் வெளியேற வேண்டிய நிலை வரலாம்.

செலவு பலர் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. தமிழ்நாட்டில் குத்தகைக்கான முத்திரைத் தீர்வை 30 ஆண்டுக்கு உட்பட்டதற்கு 1 விழுக்காடு, 99 ஆண்டு வரைக்கும் 4 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கும் நிரந்தரக் குத்தகைக்கும் 7 விழுக்காடு என்றுள்ளது. வாடகையும் முன்பணமும் சேர்ந்த மொத்தத்தின்மேல் இது கணக்கிடப்படும். மாதம் 20,000 ரூபாய் வாடகையில் பத்தாண்டு, முன்பணம் 2 லட்சம் என்றால் மொத்தம் 26 லட்சம். தீர்வை 26,000 ரூபாய். பதிவுக் கட்டணம் தனி. விகிதங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பத்திரம் எழுதும் வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்கு வைக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். குடிவருபவர் மட்டும் எழுதிக்கொடுக்கும் பழைய முச்சலிக்கா முறையை இங்கே விட்டுவிடுவதே நல்லது.

பத்திரத்தில் நான் முதலில் தேடிப் படிக்கும் வரி, கட்டிய ஷெட்டைக் காலம் முடிந்ததும் பிரித்து எடுத்துக்கொள்ளலாமா என்பது. சட்டம் குத்தகைதாரருக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் ‘மேற்படி கட்டுமானங்கள் யாவும் உடைமையாளரைச் சேரும்’ என்ற அச்சடித்த வாசகம் பத்திர எழுத்தரின் மாதிரிப் படிவத்திலிருந்து தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கையெழுத்துக்கு முன் அதை அடிக்கச் சொல்ல வேண்டும்.

நீண்ட காலக் குத்தகை

சிப்காட் மனைகள் 99 ஆண்டுக் குத்தகையில் தரப்படுகின்றன. மனைத் தொகையைத் தொடக்கத்திலேயே கட்டிவிடுவதால், எடுத்தவருக்கு அது கிட்டத்தட்ட சொந்த நிலமாகவே தோன்றும். வங்கியும் அந்தக் குத்தகை உரிமையின்மேல் கடன் தரும். ஆனால் அடமானத்துக்கும் கைமாற்றத்துக்கும் சிப்காட்டின் இசைவு வேண்டும், குறித்த காலத்துக்குள் தொழில் தொடங்கியிருக்க வேண்டும், ஒதுக்கிய நோக்கத்துக்கே மனையைப் பயன்படுத்த வேண்டும். வேறொருவரிடமிருந்து பாதியில் வாங்குபவர், மீதமுள்ள ஆண்டுகளை எண்ணிப் பார்த்தே விலை பேச வேண்டும்.

ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைக்கு நிலம் விடுபவர்களுக்கும் ஒரு சொல்: கோபுரம் நிற்கும் சென்ட்டுகளுக்கு மட்டுமா, பாதைக்கும் மின்கம்பி செல்லும் வழிக்கும் சேர்த்தா, கோபுரத்தைச் சுற்றி முருங்கையோ பயறோ போடத் தடையுண்டா, காலம் முடிந்ததும் காங்கிரீட் அடித்தளத்தை யார் பெயர்ப்பது என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும்.

குத்தகையின் வலிமையும் எல்லையும் ஒன்றாகத் தெரியும் இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், மாஞ்சோலைப் பகுதியில் 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட மலைநிலத்தைப் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையாகத் தந்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் வழியே அந்த நிலம் அரசிடம் வந்தது. உடைமையாளர் மாறிய பின்பும் குத்தகை முறியவில்லை. 2028 வரை அதன் காலம். ஆனால் தலைமுறை தலைமுறையாக எஸ்டேட் குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர்களின் இருப்பு, நிறுவனத்தின் குத்தகையையும் வேலையையும் மட்டுமே சார்ந்திருந்தது. 2024இல் நிறுவனம் தோட்டத்தை மூடி விருப்ப ஓய்வை முன்வைத்தபோது, அவர்கள் வீட்டை விட வேண்டிய நிலை வந்தது. உள்குத்தகையோ குடியிருப்போ எடுப்பவர், தமக்கு மேலிருக்கும் மூலக் குத்தகையின் தேதியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

நான்குவழிச் சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கப்பட்டால் குத்தகைதாரரின் கதி என்ன என்று பலர் கேட்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், கையகப்படுத்தலுக்கு முன் மூன்றாண்டுகளாக அந்த நிலத்தைச் சார்ந்து வாழ்ந்த குத்தகைதாரர்களையும் வாரதாரர்களையும் (விளைச்சலில் பங்குக்குப் பயிரிடுபவர்களையும்) பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்கிறது. அந்த மூன்றாண்டை நிறுவ, மேலே சொன்ன ரசீதும் அடங்கலும் குத்தகைப் பதிவேடும்தான் கைகொடுக்கும்.

முடித்து வெளியேறும்போது

காலம் முடிந்தும் தொடர்ந்து இருந்து, உடைமையாளரும் வாடகை வாங்கிக்கொண்டே இருந்தால், பழைய பத்தாண்டு தானாக நீளாது. கடை, மனை என்றால் மாதக் குடியாகவே தொடரும். ஆகவே புதுப்பிப்பதைக் கடைசி ஆறு மாதத்துக்கு முன்பே பேசி எழுதிவிட வேண்டும். வெளியேறுவதானால் பொருள்களை எடுக்கும் முன் இடத்தைப் படம் பிடித்து வைத்து, மின் கட்டணமும் சொத்து வரியும் தீர்ந்த ரசீதுகளைச் சேர்த்து, முன்பணம் கைக்கு வரும் அதே வேளையில் சாவியை ஒப்படைத்து எழுத்து வாங்க வேண்டும். பதிவு செய்த குத்தகை காலத்துக்கு முன்பே முடிகிறதென்றால், அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒப்படைப்புப் பத்திரத்தையும் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உடைமையாளரின் வில்லங்கச் சான்றில் உங்கள் குத்தகை நின்றுகொண்டே இருக்கும், அடுத்து அந்த இடத்தை எடுக்க வருபவர் உங்களைத் தேடிக்கொண்டு வருவார்.